நீரில் வீழும் நிழலும் படத்தில் நிற்கும் நிழலும்

நெகற்றிவ் ஒன்றிலிருந்து எத்தனை பிரதிகளையும் எடுக்கலாம் என்னும் முறையை உலகுக்கு அளித்த வில்லியம் ஹென்றி பொக்ஸ் டால்பொட் என்னும் ஆங்கிலேயருக்கு அவ்வெண்ணம் பிறந்தது ஓர் ஏரிக்கரையில்; அதுவும் இலையுதிர் காலத்தில். 1833ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் இத்தாலியின் கோமோ ஏரிக்கரையிலே தங்கியிருந்த அவர், அந்நிலக்காட்சியைத் தாளில் வரைந்துகொள்ள முயன்றார். கண்ணாடிப் பட்டகம் பொருத்திய வரைகருவியொன்று அவர் கையிலிருந்தது. ஆயினும் சித்திரம் அவருக்குக் கைகூடவில்லை. கருவியினூடாக நோக்குகையில் ஏரியும் மலையும் தாளின்மேல் அழகுறத் தோன்றின. கண்ணை எடுத்தபின் தாளில் எஞ்சியவை பென்சிலின் தடுமாற்றங்களே. ஒளி தானே வரைந்துவிட்டுப் போகும் உருவைத் தாளிலேயே தங்கிவிடச் செய்ய இயலாதா என அவர் அப்பொழுது எண்ணினார். உப்பும் வெள்ளி நைத்திரேற்றும் ஊட்டிய தாள்களைக் கொண்டு 1834இல் அவர் தொடங்கிய பரிசோதனைகள் 1839இல் உலகறிய வெளிவந்தன. பிரான்சில் டகேயரின் முறை வெளியானதும் அவ்வாண்டிலேயே.

உருவம் புதிதன்று. இருட்டறையொன்றின் சுவரில் சிறு துளையிட்டால் வெளியேயுள்ள காட்சி எதிர்ச்சுவரில் தலைகீழாக வீழும் என்பதைப் பழையோர் அறிந்திருந்தனர். பஸ்றாவிற் பிறந்த இப்னுல் ஹைதம் பதினோராம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே துளைவழிப் புகும் ஒளியையும் ஆடியில் தெறிக்கும் ஒளியையும் முறையாக ஆராய்ந்து எழுதினார். நீர்நிலைகளோ மனிதன் தோன்றுமுன்னரே மலையையும் மரத்தையும் தம்மேல் எழுதியெழுதி அழித்துக்கொண்டிருந்தன. டால்பொட்டும் அவர் காலத்தவரும் தேடியது உருவத்தையன்று. அதனைப் போகவிடாது நிறுத்தும் வழியையே. தாளில் பதிந்த உருவம் வெளிச்சத்திற் கொணர்ந்தபோதெல்லாம் மேலும் கறுத்துக் கெட்டது. பின்னாளில் ஸ்ரூடியோக்காரர் 'ஹைப்போ' என்று வழங்கிய உப்பினால் எஞ்சிய வெள்ளியுப்பைக் கழுவிவிடலாம் என்பதை ஜோன் ஹேர்ஷல் 1839இல் டால்பொட்டுக்கு அறிவித்த பின்னரே அத்தொல்லை ஒழிந்தது. ஆகவே இக்கலையின் உயிர் வில்லையிலுமில்லை, இருட்டறையிலுமில்லை, நிறுத்துதலில் உள்ளது. ஒழுக்கவியல் நோக்கில் இக்கலையைப் பற்றி எழும் வினாக்களுட் பெரும்பாலானவை இந்நிறுத்துதலிலிருந்தே பிறக்கின்றன என்பது ஊன்றி நோக்கத்தக்கது.

இலங்கையின் கிழக்குக் கரையிலே மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று எனத் தொடர்ந்து கிடக்கும் முஸ்லிம் ஊர்களில் இவ்வினாவுக்கு ஒரு தனிக்கனம் உண்டு. இத்தகைய ஊர்களின் வீட்டுக் கூடங்களிலும் கடைச் சுவர்களிலும் நெடுங்காலம் இடம்பெற்றுவந்த படங்கள் சிலவே. கஃபாவின் படம் ஒன்று. அரபு எழுத்தணி ஒன்று. அவற்றுக்கு அடுத்தபடியாக, யாதேனும் ஒரு வியாபார நிலையம் அன்பளித்த நாட்காட்டியின் நிலக்காட்சி. மஞ்சளும் செம்மையுமாக இலை பழுத்த மரங்கள், பின்னே வெண்முடி தரித்த மலை, முன்னே அசைவற்ற ஏரி, அவ்வேரியினுள் அம்மரங்களும் மலையும் தலைகீழாக. நாட்காட்டியின் தாள்கள் கிழிந்து தீர்ந்தபின்னும் படம் மட்டும் ஆண்டுக்கணக்கிற் சுவரில் நிற்கும். இலையுதிர் காலம் என ஒன்றில்லாத நாட்டில் இவ்வீடுகளில் உதிர்ந்த இலைகள் அத்தாள்களே எனலாம்.

இப்படத்தின் செல்வாக்குக்குக் காரணம் வெளிநாட்டு மோகம் மாத்திரமன்று. உயிருள்ளவற்றின் உருவங்களைச் செய்வதும் மாட்டிவைப்பதும் குறித்து இஸ்லாமிய மரபில் கடுமையான எச்சரிக்கைகள் உள. படம் வரைந்து பிழைக்கும் ஒருவர் நபித்தோழர் இப்னு அப்பாஸ் அவர்களிடம் வந்து தம் தொழிலைப் பற்றி வினவியபோது, விடமுடியாதெனின் மரங்களையும் உயிரற்ற பொருள்களையும் வரைந்துகொள்ளும்படி அவர் அறிவுறுத்திய செய்தி ஹதீஸ் நூல்களிற் பதிவாகியுள்ளது. மரமும் மலையும் ஏரியும் மாத்திரம் கொண்ட காட்சி இவ்வாற்றான் ஐயத்துக்கு அப்பாற்பட்ட படமாயிற்று. மனிதரில்லாமையே அதன் தகுதியாயிற்று என்பது பின்னர் எடுத்தாளப்படும்.

கமரா வந்தபோது பழைய வினா புதிய வடிவம் பெற்றது. வரைபவன் கையால் உருவைச் செய்கிறான்; கமராவை இயக்குபவன் செய்வது யாது? எகிப்தின் தலைமை முப்தியாக விளங்கிய ஷெய்க் முஹம்மத் பகீத் அல்-முதீஈ இதுபற்றித் தனியே ஒரு சிறு நூல் எழுதினார். நிழற்படம் எடுப்பது இறைவனின் படைப்புக்கு ஒப்பாக ஒன்றைப் புனைவதாகாது. முன்னரே உள்ளதொன்றின் நிழலைத் தொழிலறிந்தோர் தமக்குரிய வழியால் தடுத்து வைப்பதே அது என்பது அவர் வாதத்தின் சாரம். ஆடியிலும் நீரிலும் முகம் தோன்றுவதை எவரும் விலக்கியதில்லை. அத்தோற்றம் சற்றுத் தங்கிவிட்டமையாற் குற்றம் எங்ஙனம் வந்தது என்று அவர் கருதினார். யூசுப் அல்-கர்ளாவி 1960இல் வெளியிட்ட தம் புகழ்பெற்ற நூலிலும் இவ்வாதத்தை எடுத்தாண்டார். இந்திய உபகண்டத்து ஆலிம்கள் பலர் இதனை ஏற்கவில்லை. ஆடியிலும் நீரிலும் தோன்றுவது பொருள் எதிர்நிற்கும் வரையே உள்ளது. பொருள் அகன்றதும் அதுவும் அகலும். தங்கிவிட்ட கணமே அது பிம்பம் என்னும் பெயரை இழந்து படம் என்னும் பெயரைப் பெறுகிறது என்பது அவர்தம் மறுப்பு.

தமிழில் இவ்விவாதத்துக்கு ஒரு சுவையான துணை கிடைக்கிறது. வெயிலில் வீழும் கரிய சாயலையும் நீரில் வீழும் வண்ணச் சாயலையும் நிழல் என்னும் ஒரே சொல்லால் வழங்குவது தமிழ் வழக்கு. 'நிழற்படம்' என்று பெயரிட்டவர் எகிப்திய முப்தியின் நூலை அறிந்திருக்க வேண்டியதில்லை. ஆயினும் அவர் தீர்ப்பின் பாதியைச் சொல்லுக்குள் வைத்துவிட்டார். டால்பொட்டும் தம் முயற்சியை நிழலை நிலைப்படுத்தும் கலையாகவே முதலிற் கருதினார் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. கிழக்குக் கரையிலோ வாதம் முடியுமுன்பே வாழ்க்கை தன் வழியிற் சென்றது. ஹஜ்ஜுக்குக் கடவுச்சீட்டு வேண்டியிருந்தது. 1972 முதல் தேசிய அடையாள அட்டை வழங்கப்பட்டது. இரண்டுக்கும் முகப்படம் இன்றியமையாததாயிற்று. சுவரில் மாட்டத் தயங்கியோரும் சட்டைப்பையில் வைத்திருந்தனர்.

இரு சாராரும் ஒருமித்து ஏற்கும் ஒன்று உண்டு: நீரிற் குற்றமில்லை. கருத்து வேற்றுமை நிறுத்துதல் பற்றியதே. சட்டத்தின் துறையில் இது ஆகுமா ஆகாதா என்ற வினாவாக முடிகிறது. அத்துறையிற் புகுந்து தீர்ப்பளிப்பது ஆலிம்களின் பணி. எனினும் ஆகும் என்று கொண்டவருக்கும் ஒழுக்கவியலின் வினா எஞ்சியே நிற்கிறது. நிழலைத் தடுத்து வைத்தவன் அதன்பின் யாது செய்யக் கடமைப்பட்டவன்? நீர் தன்னிடம் வந்த உருவை அக்கணமே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அதற்குக் கடமை எதுவுமில்லை. படம் திருப்பிக் கொடுப்பதில்லை. பிறர் பொருளை ஏற்று வைத்திருப்பதைத் தமிழ் முஸ்லிம்கள் அமானிதம் என்பர். அமானிதப் பொருளைக் கெடாமற் காத்தலும், மாற்றி வைக்காதிருத்தலும், உரியவரிடம் ஒப்படைத்தலும் ஏற்றவன்மேல் விழும் பொறுப்புகள். ஓர் ஊரின் நீரையும் மரத்தையும் ஒளியையும் தன் பெட்டிக்குள் ஏற்றுக்கொண்டவன் அமானிதக்காரனே எனக் கொண்டால், நிலக்காட்சிப் படம் பற்றிய பல குழப்பங்கள் தெளிவடையும்.

முதலாவது, மாற்றி வைக்காதிருத்தல். இது தோன்றுமளவு எளிதன்று. நீர்நிழல் கரைக்காட்சியின் நேர்ப்பிரதி எனப் பலரும் எண்ணுவர். அவ்வாறன்று. கரையில் நிற்பவன் கண் நீர்மட்டத்துக்கு எவ்வளவு உயரத்தில் உள்ளதோ அவ்வளவு ஆழத்திலிருந்து மேல்நோக்கும் ஒரு கண்ணுக்குத் தெரியக்கூடிய காட்சியையே நீர் காட்டுகிறது. தொலைவிலுள்ள மலையில் இவ்வேறுபாடு புலப்படாது. அருகிலுள்ள பாலத்தில் நன்கு புலப்படும். பாலத்தின்மேல் நடப்போரைக் கண் காண்கிறது. அதன் அடிப்பாகத்தின் வெடிப்பையும் பாசியையும் நீர் காட்டுகிறது. நீர் பொய்யுரைப்பதில்லை; வேறோரிடத்திலிருந்து நோக்குகிறது, அவ்வளவே. மேலும், செங்குத்தாக வீழும் ஒளியில் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கையே நீர் தெறிக்கச் செய்யும். ஏனையது உள்ளே புகும். சாய்ந்து வரும் ஒளியிலோ தெறிப்பு மிகும். ஆகவேதான் காலடி நீரில் அடிமணலும் தூர நீரில் வானமும் தெரிகின்றன. செங்குத்துக்கு ஏறத்தாழ ஐம்பத்துமூன்று பாகைச் சாய்விற் தெறித்துவரும் ஒளி முற்றாக முனைவாக்கம் அடைந்திருக்கும். வில்லைக்கு முன் முனைவாக்கி ஒன்றைப் பொருத்திச் சற்றே திருப்பினால் நிழல் மறைந்து நீரின் அடி தெரியும். மறுபடி திருப்பினால் அடி மறைந்து நிழல் தெரியும். இரண்டும் உண்மை. எதனைக் காட்டுவது என்பதோ திருப்பும் விரல்களின் தீர்மானம். கமரா பொய் சொல்லாது என்போர் அவ்விரல்களை மறந்துவிடுகின்றனர்.

இனி, எங்கிருந்து ஏற்றோம் என்பதை மறவாதிருத்தல். அம்பாறை மாவட்டத்திலேயே இலையற்ற மரங்கள் ஏரிநீரில் நிழல்விடும் காட்சி ஒன்றுண்டு. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டு, பட்டிப்பளை ஆறு என்று தமிழில் வழங்கிய ஆறு இங்கினியாகலையில் மறிக்கப்பட்டது. அவ்வாறு உருவான சேனநாயக்க சமுத்திரம் நாட்டின் மிகப் பெரிய நீர்த்தேக்கம். நீர் ஏறியபோது காடு முழுவதும் வெட்டி அகற்றப்படவில்லை. மூழ்கி இறந்த மரங்களின் வெண்சாம்பல் நிறக் கிளைகள் இன்றும் ஆங்காங்கே நீருக்குமேல் நிற்கின்றன; அவற்றின்மேல் நீர்க்காகங்கள் சிறகுலர்த்தும். வைகறையில், காற்றெழுமுன், ஒவ்வொரு கிளையும் தன் நிழலோடு சேர்ந்து இரட்டையாகத் தோன்றும் அழகினை எடுக்காது திரும்பும் நிழற்படக்காரர் அரியர்.

அப்படத்தை ஊரும் பெயருமின்றி ஒரு நாட்காட்டியில் அச்சிட்டால் பார்ப்போர் இலையுதிர் காலம் என்றே கொள்வர். உதிர்ந்தவை தளிர்க்கும் என்று மனம் தானே நிரப்பிக்கொள்ளும். அம்மரங்கள் தளிர்க்கமாட்டா. குளிர்நாட்டு மரம் பச்சையத்தைச் சிதைத்து உள்ளே ஒடுக்கி, மறைந்திருந்த மஞ்சளைக் காட்டி, இலையை உதிர்த்துத் தன்னைக் காத்துக்கொள்கிறது. சேனநாயக்க சமுத்திரத்து மரமோ வேர் மூச்சடைத்து மாண்டது. அதன் அடியில் வேடர்கள் வேட்டையாடித் திரிந்த நிலமும் பழைய குடியிருப்புகளும் கிடக்கின்றன. அந்நீரே வாய்க்கால் வழியாக இறங்கிச் சம்மாந்துறை முதலான வட்டைகளில் நெல்லாகிறது. கல்முனைச் சந்தையில் அரிசி வாங்குவோர் அம்மரங்களுக்குக் கடன்பட்டவர்கள். இவ்வளவையும் படம் சொல்லவேண்டும் என்பது நியாயமாகாது. ஆனால் 'சேனநாயக்க சமுத்திரம்' என்ற பெயரும் ஆண்டும் அதன் கீழே இருப்பின், அறிந்தவன் அறிந்துகொள்வான். அறியாதவன் வினவ வழியுண்டு. பெயரை நீக்கியவன் அவ்வழியை அடைத்துவிடுகிறான். படத்தில் ஒரு புள்ளியையும் மாற்றாமலே அதனைப் பொய்யாக்கலாம் என்பதற்கு இதனிலும் தெளிவான உதாரணம் வேண்டுவதில்லை.

தமிழிலக்கண மரபு இவ்விடத்தில் உதவுகிறது. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்தது. அதன்மேற் கருப்பொருள், அதனை நிறைவாக்குவது மாந்தரின் ஒழுக்கமாகிய உரிப்பொருள். நிலமும் பொழுதும் அறியப்படாத காட்சி அம்மரபிற் காட்சியே ஆகாது. பெரும்பொழுது ஆறனுள் கூதிர் உண்டு, முன்பனியும் பின்பனியும் உண்டு. இலையுதிர் காலம் தனியே இல்லை. கிழக்குக் கரைக்குத் தனக்கெனப் பருவங்கள் உள. வடகீழ்ப் பருவக்காற்று கொணரும் மாரியில் வட்டைகள் ஏரிகளாகின்றன. மாசி பங்குனியில் பெரும்போக நெல் விளைந்து ஊர்ப்புறமெங்கும் பொன்னிறம் பரவுகிறது. பின்னர்க் கச்சான் காற்றில் புல் கருகி, வாதுமை இலை சிவந்து விழுகிறது. ஊர்ப்பெயர்களே நிலக்காட்சிகள். சாய்ந்தமருது என்ற பெயரில் ஒரு மரம் இன்னும் சாய்ந்தபடி நிற்கிறது. மருதமும் நெய்தலும் ஒரு பிரதான வீதியின் இருபுறமாக இவ்வளவு நெருங்கிக் கிடக்கும் கரை அரிது. அத்தகைய ஊரின் சுவரில் நிலமும் பொழுதும் இல்லாத ஓர் ஏரி தொங்கியது வியப்புக்குரியது, பழிப்புக்குரியதன்று. பார்க்காத ஊரின் அழகை விரும்புவது மனித இயல்பு. கேடு யாதெனில், அவ்வேரியைப் பார்த்துப் பழகிய கண், கிட்டங்கி வாவியையும் அவ்வேரியைப் போலாக்க முனைவதே. ஆற்றுவாழையை ஒதுக்கி, தோணியை விலக்கி, மின்கம்பியைச் சட்டத்துக்கு வெளியே தள்ளி, எவ்வூரினதும் அல்லாத நீரொன்றை அது தேடத் தொடங்குகிறது.

ஈண்டு ஒரு முரண் தலைகாட்டுகிறது. தமிழ் மரபு உரிப்பொருளின்றி நிலத்தை ஏற்காது. முஸ்லிம் இல்லத்தின் சுவரோ மனித உருவின்றி இருந்தாலே படத்தை மனநிறைவோடு ஏற்கும். இரண்டுக்கும் உரியவனாகிய கிழக்கிலங்கைத் தமிழ் முஸ்லிம் எதனைக் கைவிடுவது? இம்முரண் மேற்போக்கானதே. உரிப்பொருள் என்பது உருவமன்று, ஒழுக்கம். வரம்பு கட்டிய கையை வரம்பு காட்டும். கரையில் ஏற்றிக் கவிழ்த்த தோணியும், காயப்போட்ட வலையும், மருதமுனையில் சாயமேற்றிக் கொடியிலிட்ட நூற்கற்றைகளும் முகமில்லாத மனிதர்களே. உயிருருவை விலக்கிய நிழற்படத்திலும் மனிதர் நிறைந்திருக்கலாம். மனிதர் கூட்டமாய் நிற்கும் படத்திலும் மனிதம் இல்லாதிருக்கலாம். விலக்கப்படவேண்டியது உருவம் என்று கொண்டு, அதனோடு சேர்த்து மனித வாழ்வின் தடத்தையும் துடைத்தெறிவதே நாட்காட்டி ஏரியின் குறை.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் பௌர்ணமி, ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை எழுந்த கடல் அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டுசென்றது. மருதமுனை முதல் சாய்ந்தமருது வரை கரையோரத் தெருக்கள் அத்திவாரங்களாயின. ஜனாஸாக்கள் விரைந்து அடக்கப்பட்டன, பெருங்குழிகளும் தோண்டப்பட்டன. சில வாரங்களில் அதே கடல் அமைதியுற்றது. உட்புறத்தே தேங்கிய நீரில் வானமும் எஞ்சிய தென்னைகளும் மிகத் தெளிவாக நிழல்விட்டன. அதனை எடுப்பது தகுமா? அழகென்று எடுத்தால் இறந்தோரை மறந்ததாகுமே என்பது ஒரு வினா. எடுக்காது விட்டால் நீரை என்றென்றைக்கும் குற்றவாளியாக்கியதாகுமே என்பது மற்றொன்று.

உலகில் இதற்கு ஒப்பான நிகழ்ச்சிகள் உள. அமெரிக்க நிலக்காட்சிப் படக்கலையின் தலைவராக மதிக்கப்படும் அன்சல் அடம்ஸ், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மன்சனார் என்னும் முகாமுக்குச் சென்றார். குற்றமெதுவும் செய்யாத ஜப்பானிய வமிசத்தினர் ஏறத்தாழப் பதினாயிரம் பேர் அங்கே காவலில் வைக்கப்பட்டிருந்தனர். அவர்களுடைய முகங்களையும் தொழில்களையும் படமெடுத்து அவர் 1944இல் நூலாக வெளியிட்டார். அதே இடத்தில், பாறைகள் சிதறிய வெளிக்கு அப்பால் ஒளிவெள்ளத்தில் எழும் வில்லியம்சன் மலையையும் எடுத்தார். அப்படத்தில் முட்கம்பியில்லை, காவற்கோபுரமில்லை, மனிதரில்லை. ஒடுக்கப்பட்டோரை மறைத்த அழகு என்று அதனைக் கண்டித்தோர் உளர். சிறைப்பட்டோரும் நாள்தோறும் கண்ட மலை அது, அவர்கள் தாங்கிக்கொள்ள அதுவும் உதவியிருக்கும் என்று ஏற்றோர் உளர். இரு தரப்பினரும் வழக்காட இயன்றமைக்குக் காரணம் ஒன்றே: மலையின் பெயரோடு 'மன்சனாரிலிருந்து' என்பதையும் அடம்ஸ் தலைப்பில் எழுதிவைத்தார். அச்சொல் இல்லையேல் வழக்கே எழுந்திராது.

அழகு ஓர் இரங்கலைக் கெடுத்துவிடும் என்ற அச்சம் பெரும்பாலும் அழகின்மீதுள்ள ஐயத்தால் வருவது. கரையில் வாழ்வோர் அவ்வாறு ஐயுறுவதில்லை. பிள்ளையை இழந்த வீட்டார் அதே கடலில் மீன்பிடித்தே எஞ்சிய பிள்ளைகளை வளர்த்தனர். கடல் அழகானது என்பதும் அது கொன்றது என்பதும் அவர்களுக்கு இரு வேறு கட்சிகளின் கூற்றுகள் அல்ல. இதற்குக் கடலும் வேண்டியதில்லை, வயல்வெள்ளமே போதும். மாரியில் வட்டைகள் நிறைந்து வீதிக்கு மேலாகப் பாயும்போது, வீதிக்கரை மரங்கள் இருமடங்காகித் தோன்றும். அதனைக் காணச் சனம் கூடுவதுமுண்டு. 2024 நவம்பர் 26ஆம் நாள் காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையிலான வீதியை மூடிப் பாய்ந்த அத்தகைய வெள்ளத்தில், வீடு திரும்பிய மதரசா மாணவர்களை ஏற்றிச்சென்ற உழவு இயந்திரம் கவிழ்ந்து சிறுவர் சிலர் மாண்டனர். அவ்வீதியின் மாரிக்காலப் படமொன்றை எடுத்துவைத்திருக்கும் எவருக்கும் அந்நாளின் பின் அப்படம் பழைய படமாக இராது. படத்தில் எதுவும் மாறவில்லை. அமானிதத்தின் கனம் மாறிவிட்டது.

பெயரும் நாளும் எழுதிவைத்தால் போதுமா என்று கேட்கலாம். போதாது என்பதே நேர்மையான விடை. படம் கைமாறும், எழுத்து கழன்றுவிடும். துயரத்தின் பெயரைப் பொறித்தே அழகை விற்கும் வியாபாரமும் உண்டு. அழிவு நடந்த ஊர் என்ற அடைமொழி படத்தின் விலையை உயர்த்துவதைப் பேரலைக்குப் பின் உலகம் கண்டது. அமானிதத்தில் இலாபம் தேடுவது எத்துணை இழிவோ அத்துணை இழிவு அது. எனினும் பெயர் இல்லாதவிடத்து இவ்விழிவைச் சுட்டவும் முடியாது.

நிலைமை இன்று மேலும் சிக்கலுற்றுள்ளது. ஹைப்போவும் தாளும் மறைந்து, படம் கைத்தொலைபேசியின் எண்களாகிவிட்டது. திரையில் தோன்றி மறைவது நிலைபெற்ற படமன்று, அது நீர்நிழல் போன்றதே என வாதிக்கும் ஆலிம்கள் உளர். ஆக, பழைய விவாதம் சுற்றிவந்து நீர்க்கரையிலேயே நிற்கிறது. ஆனால் வானத்தை மாற்றி, நீரை மெருகேற்றி, மின்கம்பியைத் துடைத்துத் தரும் கருவிகள் இன்று எல்லார் கையிலும் உள. சொல்லொன்றைக் கேட்டதும் இலையுதிர் கால ஏரி ஒன்றைக் கணினி தானே இயற்றியும் தருகிறது. ஷெய்க் பகீதின் வாதம் இங்கே எல்லை காண்கிறது. தடுத்து வைக்கப்பட்ட நிழல் என்பதற்கு நிழல்விட்ட பொருளொன்று எங்கோ நின்றிருக்க வேண்டும். இவ்வேரிக்குக் கரையில்லை, இம்மரங்கள் எங்கும் நின்றதில்லை. வரைபவனின் படத்தைப் போன்று இதுவும் புனைவே; புனைவென்று கூறி வைத்தால் அதிலும் குற்றம் காண வேண்டியதில்லை. நிழலென்று கூறி வைப்பதே மோசடி.

நிழலின் பயன் எதிர்பாராத இடத்தில் வெளிப்படும். ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்ட பின்னர், அதன் வடபுறத்தே ஒலுவில், நிந்தவூர்க் கரைகளைக் கடல் அரிக்கலாயிற்று. தென்னைகள் வேரோடு சாய்ந்தன. தோணி ஏற்றும் மணற்பரப்புக் குறுகியது. கரை முன்பு எங்கிருந்தது என்பது வழக்குக்குரிய பொருளாயிற்று. முன்னொரு நாள் எவரோ ஓய்வாக எடுத்துவைத்த மாலைக்காட்சி ஒன்று, ஈரமணலில் வானம் நிழல்விட்ட வெறும் அழகுப்படம், தென்னைக்கும் நீருக்கும் இடையே எவ்வளவு மணல் கிடந்தது என்பதைக் காட்டவல்லது. ஒலுவில் வெளிச்சவீடு படத்தின் ஓரத்திலேனும் அகப்பட்டிருந்தால் எடுத்த இடத்தைக் கணித்துக்கொள்ளலாம். எடுத்த நாளைப் பின்புறத்தில் ஒருவர் எழுதி வைத்திருக்க வேண்டும்.